பெட்டியை எங்கே வைக்கட்டும்

மகனே, அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதம் என்றால் நான் சுகம், நீ சுகமா என்று தொடங்குவதுதான் முறை. நான் சுகமில்லை. நீயும் சுகமில்லை என்று லொறிக்காரர் வந்து சொல்லிவிட்டார். ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன். உன் வாப்பா வாயால் எத்தனையோ வீண் பேச்சுப் பேசியிருக்கிறார். வெள்ளைக் கடதாசியில் பொய் எழுத அவருக்குக் கை வராது.

நம் தெருவிலிருந்து பொலன்னறுவைக்கு நெல் ஏற்றிப் போகிற அதே லொறிக்காரர்தான் உன்னைக் கண்டது. அங்கே ஒரு மரக்காலையில், அறுத்த மரம் அடுக்குகிற இடத்தில், மரத்தூளுக்குள் நீ உட்கார்ந்திருந்தாயாம். ஆளை அடையாளம் காணவே கொஞ்ச நேரம் பிடித்தது என்றார். “தாடியும் மூஞ்சியும், எலும்பா இரிக்கான் உங்கட மகன், வட்டவிதானையார். ஊருக்கு வாவன்டா எண்டு கேட்டன். எங்க போறதெண்டு விளங்கல்ல காக்கா, அதான் இஞ்சயே இரிக்கன் எண்டான்.” உன் உம்மா மௌத்தாகி ஒன்றரை வருடம் ஆகிறது என்று அவர் சொன்னபோது, நீ லொறியின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாயாம். வாப்பாவிடம் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாயாம். சொல்லவேண்டாம் என்று சொன்னால் நம் ஊரில் அதைத்தான் முதலில் வந்து சொல்வார்கள் என்பதை மூன்று வருடத்தில் மறந்துபோனாயா?

உனக்கு எங்கே போவதென்று விளங்கவில்லை. அதை விளங்காமல் ஆக்கியவன் நான். இந்தக் கடிதம் அதற்காகத்தான். உன் கைக்கு வருமோ வராதோ தெரியாது. லொறிக்காரர் மறுமுறை போகும்போது கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் நீ அந்த மரக்காலையை விட்டு வேறெங்காவது போயிருந்தால் இது அவருடைய இருக்கைக்கு அடியில் கிடந்து எண்ணெய் குடிக்கும். அப்படியே ஆனாலும் நான் எழுதித்தான் ஆகவேண்டும்.

உன் பெண்சாதி சுபைதாவின் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள், அஸர் தொழுதுவிட்டு நான் விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். நீ நிந்தவூரிலிருந்து சைக்கிளில் வந்தாய். பின்னால் உன் றங்குப்பெட்டி கட்டியிருந்தது. கலியாணத்தன்று நான் வாங்கித் தந்த பச்சைப் பெட்டி. அன்றைக்கு அதைத் தலையில் தூக்கிக்கொண்டு உன் மாமியின் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தது உன் மச்சான்மார்தான். உனக்குக் கால் கழுவத் தண்ணீர் ஊற்றினார்கள், நீ உள்ளே போனாய், நான் வெளியே நின்று, இனி இவன் அந்த வீட்டு ஆள், என் கடமை முடிந்தது என்று பக்கத்தில் நின்றவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். நம் கரையில் ஆண் பிள்ளையைப் பெற்றவன் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆண் பிள்ளை பெண்ணின் வீட்டுக்குப் போகிறவன். வீடு பெண்ணுக்கு. நானும் அப்படித்தான் உன் உம்மாவின் வீட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்தேன்.

அந்தப் பெட்டியோடு நீ திரும்பி வருவாய் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதற்கு ஒரு வழக்கம் இல்லை. வழக்கம் இல்லாத இடத்தில் மனுசன் மனுசனாக நடக்கவேண்டும், நான் வட்டவிதானையாக நடந்தேன். முப்பது வருடம் வட்டை வயல் முழுவதற்கும் தண்ணீர் பங்கிட்டவன் இல்லையா. இந்த மடை திறக்கலாம், அந்த மடை திறக்கக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

“என்ன மனே, பெட்டியோட?” என்று கேட்டேன்.

“நாப்பது முடிஞ்சிது வாப்பா. அங்க இனி என்னெண்டு இரிக்கிற? மாமிர முகத்தப் பாக்கேலாம இரிக்கி. பிள்ள அவவோட இரிக்கட்டும், பால் குடிக்கிற பிள்ள” என்றாய். பெட்டியை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு படியில் ஏறி நின்று கேட்டாய்: “வாப்பா, பெட்டிய எங்க வைக்கட்டும்?”

கீழே வை என்று ஒரு வார்த்தை. விறாந்தையில் அவ்வளவு இடம் கிடந்தது. நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது, ஆகவே முழுதாக எழுதுகிறேன். “இது இப்ப உன்ட தங்கச்சிர ஊடு மனே. மச்சான் வயலுக்குப் போயிரிக்கார், அவர் வரட்டும், கேட்டுப் பாப்பம். இல்லாட்டி ஒண்டு செய்யலாம். சுபைதாட தங்கச்சியக் கேட்டா மாமி ஓம் எண்டுருவா. அந்த ஊட்டயே இரிக்கலாம். பிள்ளைக்கும் நல்லம்.” சுபைதாவின் கபுறில் தலைமாட்டில் குத்திய மீசான் கட்டையின் ஈரம் காயவில்லை. நான் மடை மாற்றுகிறேன்.

நீ என்னை ஏசியிருக்கலாம். “ஓம் வாப்பா” என்றாய். பெட்டியைத் திரும்பச் சைக்கிளில் கட்டினாய். கயிறு இரண்டு முறை கையிலிருந்து வழுகியது. நான் எழுந்துவந்து பிடிக்கவில்லை. உள்ளே உன் உம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தபோது விறாந்தையில் நான் மட்டும் இருந்தேன். கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, “நீங்க ஊட்டப் பாத்தீங்க, புள்ளயப் பாக்கல்ல” என்றாள். அதற்குப்பிறகு அவள் என்னோடு கதைத்தாள், சோறு போட்டாள், எல்லாம் செய்தாள். என் முகத்தைப் பார்த்து ஒரு நாளும் சிரிக்கவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த வீடு யார் கட்டிய வீடு? தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேச முதல் பழைய கிடுகு வீட்டை இடித்துக் கல்வீடு எழுப்பவேண்டும் என்று நான் நின்றபோது, இரண்டு போகத்துக்கும் இடையில் நீதான் ஆற்றங்கரையில் நின்று களி மிதித்தாய், கல் அறுத்தாய், சூளை வைத்தாய். மழை வரப்போகிறது என்று சூளைக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தாய். உன் முழங்கையில் இன்னும் அந்தச் சூட்டுத் தழும்பு இருக்கும். நீ அறுத்த கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் உனக்கு இடமில்லை என்று நான் சொன்னேன். தமையன் வீடு கட்டுவதும் தங்கச்சி அதில் குடியிருப்பதும் நம் பக்கத்தில் ஊரோடு ஒத்த விஷயம், அதில் குறையில்லை. குறை என் நாக்கில்.

உன் உம்மா காய்ச்சலில் ஏழு நாள் கிடந்தாள். கடைசி மூன்று நாளும் வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் கண்ணைத் திறப்பாள். நீ எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. கொலனியில் கண்டதாக ஒருவர், திருகோணமலையில் கண்டதாக ஒருவர். யாரை எங்கே அனுப்ப? ஜனாஸாவைத் தூக்க நீ நிற்கவேண்டிய இடத்தில் தங்கச்சி மாப்பிள்ளை நின்றார்.

பெண் மௌத்தானால் ஆணுக்கு என்ன நடக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. புருசன் போன பெண்ணுக்கு இத்தா இருக்கிறது. நான்கு மாதம் பத்து நாள் அவள் இருந்த வீட்டிலேயே இருப்பாள், வருகிறவர்கள் சோறு கொண்டுவருவார்கள், கூட அழுவார்கள், அவளை யாரும் எழும்பு என்று சொல்லமாட்டார்கள். ஆணுக்கு ஒன்றுமில்லை. உன் உம்மாவின் நாற்பது முடிந்ததும் பள்ளி வாசலில் வைத்து ஒருவர் என்னிடம், “வயசு என்ன பெரிய வயசு, ஒரு ஏழைப் பொம்பிளையாப் பாத்துக் கட்டுங்களன்” என்றார். நான் உனக்குச் சொன்ன அதே புத்தி.

தங்கச்சி என்னை நன்றாகத்தான் பார்க்கிறாள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மச்சானும் குறை சொல்ல இடமில்லாத மனுசர். ஆனால் அவர் உள்ளே வந்தால் நான் எழும்புகிறேன். யாரும் எழும்பச் சொல்லவில்லை, கால் தானாக எழும்புகிறது. அவர் சாப்பிட முதல் சாப்பிட்டுவிட்டு, வீட்டோரச் சாய்ப்பில் என் பத்திக்குள் போய்விடுவேன். உன் உம்மா இருக்கும்வரை அது என் வீடு என்று நினைத்திருந்தேன். அவளுடைய வீட்டில் அவளுக்காக இருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இந்தப் போகம் வெட்டி நெல் வந்து இறங்கியது. சாக்கு அடுக்க இடம் போதவில்லை. மச்சான் பத்திக்குள் வந்து என் பழைய பெட்டியை, நான் மாப்பிள்ளையாகக் கொண்டுவந்த பெட்டியை, இரண்டு கையாலும் மரியாதையாகத் தூக்கிக்கொண்டு கேட்டார்: “மாமா, இந்தப் பெட்டிய எங்க வைக்கட்டும்?”

அந்த மனுசன் ஒன்றும் நினைத்துக் கேட்கவில்லை. அவருக்கு அன்று நடந்தது தெரியவே தெரியாது. செருப்பைக்கூடப் போடாமல் வெளியே இறங்கினேன். கடற்கரைக்குப் போய்த் தெற்கே பார்த்து நடந்தேன். எங்கே போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. வட்டையில் ஒவ்வொரு வாய்க்காலும் எந்தப் பக்கம் வளைகிறது என்று கண்ணை மூடிச் சொல்லக்கூடியவன், பிறந்த கரையில் திக்குத் தெரியாமல் நடந்தேன். மாளிகைக்காடு, காரைதீவு எல்லாம் பின்னால் போயின. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் சலாம் சொன்னார்கள், வாங்கியதாக ஞாபகமில்லை. கடலைப் பார்க்காமல் நடக்கவேண்டும் என்று மட்டும் மனம் சொன்னது. பார்த்தால் இறங்கிவிடுவேனோ என்ற பயம். வயது போன உன் வாப்பாவுக்கு வந்த நினைப்பு இது. உனக்கும் அந்த நினைப்பு வந்திருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது. பெட்டியோடு நீ திரும்பிப் போனபோது ஒரு பக்கம் கடல்தானே இருந்தது.

மூச்சு முட்டி நின்றபோது நிந்தவூர் வந்திருந்தது. உன் மாமியின் வீட்டுக்குப் போனேன். வெட்கத்தில் பெருநாளைக்கு மட்டும் போய் ஒரு சட்டையைக் கொடுத்துவிட்டு ஓடி வருகிறவன், அன்று முற்றத்தில் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் மகள் ஹாஜறா மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய காதில் பாங்கு சொன்னது நான் என்று உனக்குத் தெரியும், அவளைப் பெற்றதோடு சுபைதா போய்விட்ட அன்று உனக்குக் குரல் வரவில்லை. மூன்று வயது முடிந்துவிட்டது. நெற்றி சுபைதாவுடையது, பிடிவாதம் உன்னுடையது. ஈர மண்ணைக் குவித்துக் குவித்து வீடு வீடாக வைத்திருந்தாள். இது சாச்சிர ஊடு, இது மாமார ஊடு, இது கோழிர ஊடு என்று காட்டினாள். நான் ஒரு மடையன், கேட்டுவிட்டேன்: “உன்ட ஊடு எங்க புள்ள?”

அவள் மண்ணைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னாள்: “எனக்குப் பாய் இரிக்கி மூத்தாப்பா.”

மகனே, அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே பாய் மட்டும்தான் இருக்கிறது. சுபைதாவுக்கு எழுதித் தருவதாகச் சொன்ன வீட்டுக்கு உறுதிப் பத்திரம் முடிக்க முதல் அவள் போய்விட்டாள். இப்போது அந்த வீட்டை இளையவளுக்குப் பேசி, வருகிற பெருநாளுக்குப் பிறகு கலியாணம். உன் மாமியில் பிழையில்லை, அவளுக்கும் கரை சேர்க்க ஒரு குமர் இருக்கிறது. அவள் என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள்: “நான் இரிக்கிற வரைக்கும் புள்ள என்ட மடியில. நான் போனா அவள் சாச்சிர ஊட்டுல ஒரு மூலையில.” வீடில்லாத பெண் பிள்ளையை நம் கரையில் யார் பேசி வருவார்கள்? தகப்பன் இல்லாவிட்டால் தமையன் கட்டுவான். அவளுக்குத் தமையனும் இல்லை. நீ மட்டும்தான் இருக்கிறாய், நீயும் மரத்தூளுக்குள் இருக்கிறாய்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ கல் அறுத்த வருடத்துக்கு முந்திய மாரியில் வெள்ளம் வட்டையை மூடியது. தண்ணீர் வடிந்தபோது வரம்பு ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரே மணலும் சேறும். யாருடைய வயல் எது என்று தெரியாமல் ஆட்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். வட்டவிதானை வந்து சொல்லட்டும் என்றார்கள். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை, தெரிந்தவன் மாதிரி நின்றேன். நீயும் நானும் சேற்றுக்குள் இறங்கிக் காலால் தடவிக்கொண்டு நடந்தோம். பகல் முழுவதும் ஒன்றும் இல்லை. பொழுது சாயும் நேரம் நீ கத்தினாய், “வாப்பா, இஞ்ச கால் இடறுது!” சேற்றுக்கு அடியில் பழைய வரம்பு ஒரு முழம் கெட்டியாகக் கிடந்தது. அந்த ஒரு முழத்திலிருந்து கயிறு பிடித்துத்தானே மற்ற எல்லா வரம்பையும் எடுத்தோம். அந்த வருடம் பாதி வயல் விளையவில்லை என்பதும் உண்மை. ஆனால் யாருடைய வயல் எது என்று தெரிந்தது.

உனக்கும் எனக்கும் வரம்பெல்லாம் போய்விட்டது. உன் உம்மா இல்லை, சுபைதா இல்லை, உனக்கு அங்கேயும் வீடில்லை இங்கேயும் வீடில்லை. இதெல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதமாட்டேன், சரியாகாது. என் காலில் இடறியது ஒன்றே ஒன்று, பாய் இருக்கிறது என்று சொல்கிற அந்தப் பிள்ளை. கயிறு பிடிப்பதானால் அங்கேயிருந்துதான் பிடிக்கவேண்டும்.

ஆகவே நான் செய்ததைச் சொல்கிறேன். என் வாப்பாவின் பங்கில் எனக்கு விழுந்த அந்த மணல் வளவு, உன் உம்மாவை அடக்கிய மையவாடிக்கு இந்தப் பக்கம், தென்னை நான்கு நிற்கிறதே, அதை ஹாஜறாவின் பெயருக்கு உறுதி எழுதிவிட்டேன். தங்கச்சியிடம் சொன்னேன், அவள் உள்ளே போய் அழுதுவிட்டு வந்து, “அப்பவே காக்காக்குக் குடுத்திரிக்கலாமே வாப்பா” என்றாள். உனக்குக் கொடுத்திருக்கலாம். அப்போது எனக்குத் தோன்றவில்லை, ஆணுக்கு எதற்கு வளவு என்று இருந்தேன். இந்த முறை உறுதி முதல், வீடு பிறகு. அங்கே போய் நானே முளை அடித்து, வெள்ளத்தில் பிடித்த அதே கயிற்றை நாலு பக்கமும் கட்டியிருக்கிறேன். அதற்குமேல் எனக்கு ஏலாது. களி மிதிக்க ஒருநாள் போனேன், நெஞ்சு பிடித்துக்கொண்டது, யாரோ கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு கல்கூட இன்னும் அறுக்கவில்லை. அடுத்த மாரி காற்றில் முளை நிற்குமோ தெரியாது, அதுவரை நான் நிற்பேனோ அதுவும் தெரியாது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாயில்லை. இருந்தாலும் பெற்றவன் புத்தி சொல்லாமல் கடிதம் முடிப்பானா? தலைக்கு ஒரு கூரை வேண்டும் என்பதற்காக யாரையும் கட்டாதே, நான் சொன்ன அந்தப் பேச்சை என் முகத்திலேயே துப்பிவிடு. மனம் தெளிந்தபிறகு வருவோம் என்று இருக்காதே, அது தெளியாது, தெளியாத மனத்தோடேயே பஸ் ஏறு. தொழுகையில் மனம் நிற்கவில்லை என்றால் உடம்பையாவது கொண்டுபோய் நிறுத்து, நான் அப்படித்தான் செய்கிறேன். பிள்ளை உன்னை அடையாளம் காணமாட்டாள், பயந்து மாமியின் சீலைக்குப் பின்னால் ஒளிவாள், அதற்கு நெஞ்சு உடைந்துபோகாதே. ஊர் கதைக்கும். கதைக்கட்டும், வீடு கட்டுகிறவனை ஊர் கொஞ்ச நாள்தான் கதைக்கும்.

வந்தாலும் உனக்கென்று ஒரு வீடு கிடைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். கட்டுவது மகளுக்கு. அவள் ஒருநாள் ஒருவனைக் கட்டிக்கொண்டு அதற்குள் போவாள், நீ என்னைப் போல ஒரு பத்திக்குள் போவாய். ஆனால் அதற்கு இன்னும் பதினைந்து வருடம் இருக்கிறது. கட்டி முடியும்வரை, கட்டுகிறவனைப் பார்த்து எப்போது போகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு கிடுகுக் கொட்டில் போட்டுக்கொண்டு அந்த மணலில் நீ இருக்கலாம். நானும் வந்து இருக்கிறேன், விருப்பமென்றால்.

அன்றைக்கு விறாந்தைப் படியில் நின்று ஒன்று கேட்டாய். மூன்று வருடம் அதற்குப் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். என்னை மன்னித்துக்கொள் மனே. அந்தப் பச்சைப் பெட்டி இன்னும் உன்னிடம் இருந்தால் கொண்டு வா. தங்கச்சியின் வீட்டுக்கும் வேண்டாம், மாமியின் வீட்டுக்கும் வேண்டாம். நேரே மணல் வளவுக்கு வா. நாலு தென்னைக்கும் நடுவில் கயிறு கட்டியிருக்கிறது. கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து, பெட்டியைக் கீழே வை.

உன் வாப்பா